ஏழரை நிமிட ஈரமில்லாத பாட்டு: ‘ப்ளூ மண்டே’யும் அதன் ரீமிக்ஸ்களும்

இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரத்து நியூ ஆர்டர் குழுவின் ‘ப்ளூ மண்டே’ பாட்டை நான் முதன்முதலில் கேட்டபோது அது அசல் இல்லை என்பதே எனக்குத் தெரியாது. நாலு நிமிடத்தில் முடிந்துவிட்டது, ஆடுவதற்கு நன்றாக இருக்கும் போலிருந்தது, சரி என்று அடுத்த பாட்டுக்குப் போய்விட்டேன். ரொம்ப நாள் கழித்து 1983இல் வந்த முதல் பதிப்பு ஹெட்போனில் மாட்டியது. ஒரு டிரம் மெஷின் தன்னந்தனியாக இடிக்கிறது. பேஸ் வருகிறது. ஏதோ கோயில் கூட்டுப்பாடல் போல ஒரு குரல் மூட்டம் எழுகிறது. இரண்டு நிமிடம் தாண்டியும் ஒருவரும் பாட ஆரம்பிக்கவில்லை. போன் தவறாக எதையோ ஓட்டுகிறது என்று நினைத்துத் திரையைப் பார்த்தேன். அதே பாட்டுதான். நான் முன்பு கேட்டது 1988இல் செய்த ரீமிக்ஸ்.

இரண்டிலும் மெட்டு ஒன்று, வரிகள் ஒன்று, குரல் ஒன்று. ஆனால் முதலாவது நாற்பது வருடம் கழித்தும் இன்றைக்குப் போட்டது போல இருக்கிறது, இரண்டாவது 1988 போலவே இருக்கிறது. இது ஏன் என்று யோசித்ததுதான் இந்தக் கட்டுரை.

ஒன்றை முதலில் தெளிவாக்கிக்கொள்வோம். தமிழ் சினிமா வழியாக நமக்கு ரீமிக்ஸ் என்றால் பழைய எம்.ஜி.ஆர்., சிவாஜி பாட்டை வேறு ஒருவரைப் பாடவைத்து, நடுவில் ராப் செருகி, புதுப் படத்தில் போடுவது. இங்கே பேசுவது அது இல்லை. ஒரு பாட்டைப் பதிவு செய்யும்போது டிரம், பேஸ், குரல் எல்லாம் தனித்தனித் தடங்களாக நாடாவில் இருக்கும். அந்தத் தடங்களையே எடுத்து, சிலதை ஏற்றி, சிலதை இறக்கி, சிலதை வெட்டி நீட்டி, கிளப்பில் ஆடுகிறவர்களுக்காக வேறு வடிவில் கலப்பதுதான் அதன் முதல் அர்த்தம். எழுபதுகளின் நியூயார்க் டிஸ்கோக்களில் பிறந்த வழக்கம். சாதாரண 7 அங்குல சிங்கிளில், அதாவது பக்கத்துக்கு ஒரு பாட்டு இருக்கும் சின்ன ரெக்கார்டில், மூன்று நான்கு நிமிடத்துக்கு மேல் நல்ல ஒலி நிற்காது. ரெக்கார்டின் பள்ளங்களை நெருக்கி வெட்டவேண்டி வரும், முதலில் அடிவாங்குவது அடித்தொனிதான். டாம் மோல்டன் என்ற கலவைக்காரருக்கு ஒருநாள் 7 அங்குல வெற்றுத் தட்டுகள் தீர்ந்துபோய், அதே பாட்டைப் பெரிய தட்டில் வெட்டித் தந்தார்கள். பள்ளங்கள் அகலமாக விழுந்தன, சத்தம் கூடியது, பேஸ் வயிற்றில் இடித்தது. 12 அங்குல சிங்கிள் என்ற வடிவம் அந்தத் தட்டுப்பாட்டில் ஆரம்பித்தது. 1976இல் அது கடைக்கும் விற்பனைக்கு வந்தது.

இனி மான்செஸ்டர். 1980 மே மாதம் ஜாய் டிவிஷன் இசைக்குழுவின் பாடகர் இயன் கர்ட்டிஸ் தற்கொலை செய்துகொண்டார். மிச்சமிருந்த மூன்று பேர், பெர்னார்ட் சம்னர், பீட்டர் ஹூக், ஸ்டீபன் மாரிஸ், நியூ ஆர்டர் என்று பெயரை மாற்றிக்கொண்டு தொடர்ந்தார்கள். கீபோர்டுக்கு ஜில்லியன் கில்பர்ட் சேர்ந்தார். சம்னருக்குப் பாடகர் என்ற வேலை பிடித்து வரவில்லை, வேறு ஆள் கிடைக்காததால் வந்தது. இப்போது கேட்டாலும் அவர் பாடுவதில் ஒரு தயக்கம் தெரியும், பக்கத்து வீட்டுப் பையனைப் பிடித்து மைக் முன்னால் நிறுத்திய மாதிரி. அதைக் குறையாகச் சொல்லவில்லை, இந்தப் பாட்டின் பாதி பலம் அதுதான்.

அமெரிக்கா போனபோது நியூயார்க் கிளப்களில் இவர்கள் இரவுகளைக் கழித்தார்கள். துக்கத்தில் ஊறிய கிட்டார் இசை செய்துகொண்டிருந்த வடக்கு இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அங்கே ஆட்டமும் மெஷினும் பிடித்துப்போனது. 1982 மே மாதம் இவர்களுடைய ஃபேக்டரி ரெக்கார்ட்ஸ் நிறுவனம் மான்செஸ்டரில் ஹசியெண்டா என்ற கிளப்பைத் திறந்தது. அதில் குழுவின் பணமும் இருந்தது. அதாவது சொந்தமாக ஒரு கிளப் இருக்கிறது, அங்கே ஓடுவதற்குச் சொந்தமாக ஒரு பாட்டு இல்லை.

பாட்டு பிறந்ததற்கு அவர்களே சொல்லும் காரணம் இன்னும் வேடிக்கை. கச்சேரி முடிந்ததும் கூட்டம் ‘இன்னொன்று, இன்னொன்று’ என்று கத்தும், இவர்கள் திரும்பி வரமாட்டார்கள். அது அவர்களுடைய வீம்பு. கூட்டத்துக்கோ கோபம். சரி, ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் போய்விட்டால் மெஷினே ஒரு பாட்டை வாசிக்கட்டுமே, நாம் உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் என்று யோசித்தார்கள். சோம்பேறித்தனம் என்று சொல்லலாம்தான், ஆனால் அந்த யோசனையை நடத்திக்காட்ட அவர்கள் பட்ட பாடு சோம்பேறிகள் படும் பாடு இல்லை.

ஏனென்றால் அது 1982. இன்றைக்கு எல்லா இசைக்கருவியும் ஒன்றோடு ஒன்று பேசுவதற்கு மிடி என்ற பொது மொழி இருக்கிறது, அது சந்தைக்கு வந்தது 1983இல்தான். இவர்களிடம் இருந்தது ஓபர்ஹைம் டிஎம்எக்ஸ் டிரம் மெஷின், மூக் சோர்ஸ் சின்தசைசர், அப்புறம் சம்னர் உதிரிபாகமாக வாங்கித் தானே உட்கார்ந்து ஈயம் பற்றவைத்த ஒரு சீக்வென்சர் (ஏற்றிவைத்த நோட்டுகளை வரிசையாக வாசிக்கவைக்கும் கருவி). ஒன்றின் தாளத்துக்கு இன்னொன்று ஓடவேண்டும், இரண்டுக்கும் பாஷை வேறு. மின்னணுவியல் தெரிந்த ஒருவரைப் பிடித்துத் தனியாக ஒரு மின்சுற்று செய்து இரண்டையும் இணைத்தார்கள்.

ஜில்லியன் கில்பர்ட் செய்த வேலையை நினைத்துப் பார்த்தால் எனக்கு இன்னமும் மலைப்பு. பாட்டின் ஒவ்வொரு நோட்டையும் கையால் ஒவ்வொன்றாக மெஷினில் ஏற்றவேண்டும். வாசித்துப் பதிவு செய்வது கிடையாது. நோட்டுகளை ஏ4 தாள்களில் எழுதி, தாளோடு தாளை டேப் போட்டு ஒட்டி, ஸ்டூடியோ நீளத்துக்கு விரித்து வைத்திருந்தாராம். ஸ்வெட்டர் பின்னுகிறவர்கள் வைத்திருக்கும் கண்ணி வரைபடம் மாதிரி இருந்தது என்று அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். அதைப் பார்த்துப் பார்த்து ஏற்றும்போது ஒரு நோட்டை விட்டுவிட்டார். கோலத்தில் ஒரு புள்ளி விட்டுப்போனால் என்ன ஆகுமோ அதுதான் ஆனது. சின்த் மெட்டு தாளத்திலிருந்து லேசாக நகர்ந்து உட்கார்ந்துவிட்டது.

ஹெட்போனில் போட்டு, ஒரு விரலால் மேஜையில் கிக் டிரம்மை, அதாவது ஆழமாக இடிக்கும் அந்த அடியை, தட்டிக்கொண்டே சின்த் மெட்டை மட்டும் கவனித்துப் பாருங்கள். மெட்டு எங்கே தொடங்குகிறது என்று விரலுக்குப் பிடிபடாது. தாளத்தோடு இருக்கிறது, ஆனால் அதன்மேல் உட்காரவில்லை. நம் மனது அதைச் சரிசெய்யப் பார்க்கும், முடியாது, மறுபடி பார்க்கும். பாட்டு நம்மை இழுத்துக்கொண்டே போவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தெரியவில்லை.

டிரம் கதையும் இதே ரகம். ஸ்டீபன் மாரிஸ் முதலில் செய்து வைத்த தாள அமைப்பு மெஷினின் நினைவில் இருந்தபோது மின்சார வயரில் கால் பட்டுப் பிடுங்கிக்கொண்டுவிட்டது, எல்லாம் போய் மறுபடி முதலிலிருந்து செய்தார்கள், முதலில் செய்தது இதைவிடப் பிரமாதம் என்று ஹூக் இன்றைக்கும் புலம்புவார். ஹூக் சொல்லும் கதைகளைக் கொஞ்சம் தள்ளுபடி போட்டுத்தான் கேட்கவேண்டும். ஆனால் இரண்டாம் முறை செய்ததே இப்படியென்றால், போனது போகட்டும்.

அந்த இடி எங்கிருந்து வந்தது என்பதில் ஒளிவுமறைவே இல்லை. டோனா சம்மரின் ஒரு டிஸ்கோ பாட்டிலிருந்து கிக் டிரம் யோசனை. பேஸ் ஓட்டம் சில்வெஸ்டரின் பாட்டைக் கேட்டு வந்தது. பாட்டின் கட்டமைப்பு க்ளைன் அண்ட் எம்பிஓ என்ற இத்தாலிய டிஸ்கோக்காரர்களிடமிருந்து. ஹூக் மேல் ஸ்தாயியில் மீட்டும் பேஸ் கிட்டாருக்கு எனியோ மோரிகோனேயின் கௌபாய்ப் பட இசை தூண்டுதல். அந்தக் கூட்டுக்குரல் மூட்டம் ஜெர்மனியின் மின்னணு இசைக்குழு கிராஃப்ட்வெர்க் 1975இல் வெளியிட்ட ‘ரேடியோ ஆக்டிவிட்டி’ ஆல்பத்திலிருந்து அப்படியே எமுலேட்டர் என்ற சாம்ப்ளரில், அதாவது எந்த ஒலியையும் பதிந்து கீபோர்டில் வாசிக்கவிடும் மெஷினில், பிடித்தது. அந்த மெஷினை இயக்கிப் பழகுவதற்கு சம்னரும் மாரிஸும் மணிக்கணக்கில் குசு சத்தத்தைப் பதிவு செய்து பார்த்தார்கள் என்று கில்பர்ட் சொல்லியிருக்கிறார். மாதா கோயில் போல ஒலிக்கும் அந்த இடத்தை இனிமேல் என்னால் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்க முடியாது.

இதற்கு ஒரு பின்கதை. லண்டனில் பிங்க் ஃபிளாய்ட் குழுவினருடைய பிரிட்டானியா ரோ ஸ்டூடியோவில்தான் இந்தப் பாட்டைப் பதிவு செய்தார்கள். பாட்டு வந்த பிறகு கிராஃப்ட்வெர்க்கே அந்த ஒலி எப்படி வந்தது என்று பார்க்க அதே ஸ்டூடியோவுக்கு வந்தார்களாம், அங்கே இருந்த சாமான்களைப் பார்த்து நம்பவில்லையாம். இதுவும் ஹூக் கதைதான், தள்ளுபடி உங்கள் விருப்பம்.

1983 மார்ச் 7 அன்று ரெக்கார்டு வந்தது. 12 அங்குலம் மட்டும், 7 அங்குலம் கிடையாது. ஏழரை நிமிடம். வானொலிக்கு வசதிப்படும்படி எதுவும் இல்லை. உறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. பீட்டர் சாவில் என்ற வடிவமைப்பாளர் மாரிஸின் இடத்தில் ஒரு ஃபிளாப்பி டிஸ்க்கைப் பார்த்தார், அப்படி ஒரு வஸ்துவை அதற்குமுன் அவர் பார்த்ததில்லை. அதையே பெரிதாக்கி, ஃபிளாப்பியில் இருப்பது போலவே ஓட்டைகளும் வெட்டி, ரெக்கார்டு உறையாக்கிவிட்டார். முன்பக்கம் குழுவின் பெயரும் இல்லை, பாட்டின் பெயரும் இல்லை. ஓரத்தில் வண்ணக் கட்டங்கள் மட்டும். அந்தக் கட்டங்கள் ஒரு சங்கேத எழுத்து, படித்தால் பாட்டின் பெயரும் குழுவின் பெயரும் வரும். படிப்பதற்கான சாவி எங்கே என்றால், மே மாதம் வரப்போகும் அவர்களுடைய அடுத்த ஆல்பத்தின் பின்னட்டையில். அதாவது பூட்டு மார்ச்சில், சாவி மே மாதம். அந்த ஆல்பத்தின் பிரிட்டிஷ் பதிப்பில் இந்தப் பாட்டு இல்லை என்பது இன்னொரு குசும்பு.

ஓட்டை வெட்டுகிற செலவு ஏறி, ஒவ்வொரு தட்டு விற்கும்போதும் ஃபேக்டரிக்கு நட்டம் என்பது இந்தப் பாட்டைப் பற்றிய மிகப் பிரபலமான கதை. ஒரு தட்டுக்கு 5 பென்ஸ் நட்டம் என்று நிறுவனத்தின் டோனி வில்சன் சொல்லுவார். தொகை சொல்லுகிற ஆளைப் பொறுத்து மாறும், பின்னால் ஓட்டையில்லாத மலிவான உறைக்கு மாறியும்விட்டார்கள். ஆனால் முதலில் யாரும் இது இவ்வளவு விற்கும் என்று கணக்குப் போடவில்லை என்பது மட்டும் உண்மை.

விற்றது. மார்ச் கடைசியில் பிபிசியின் ‘டாப் ஆஃப் தி பாப்ஸ்’ நிகழ்ச்சிக்குக் கூப்பிட்டார்கள். அங்கே வருகிறவர்கள் ரெக்கார்டை ஓடவிட்டு வாயசைத்துவிட்டுப் போவார்கள், இவர்கள் நிஜமாகவே வாசிப்போம் என்று அடம்பிடித்தார்கள். அந்தக் காட்சியைப் பாருங்கள், சங்கடமாக இருக்கும். ஒலி மெலிந்து கிடக்கிறது, சம்னர் எங்கேயோ பார்த்துக்கொண்டு சுருதி தடுமாறிப் பாடுகிறார், நான்கு பேரில் ஒருவர் முகத்திலும் நாம் டிவியில் வருகிறோம் என்ற உணர்ச்சியே இல்லை. பாட்டு தரவரிசையில் இறங்கி, பிறகு இலையுதிர் காலத்தில் மறுபடி ஏறி 9ஆம் இடத்துக்கு வந்தது. கோடை விடுமுறைக்குப் போன இடத்துக் கிளப்களில் கேட்டவர்கள் ஊர் திரும்பி வாங்கினார்கள் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். பிரிட்டனில் மிக அதிகம் விற்ற 12 அங்குல சிங்கிள் என்ற பெயர் இதற்குத்தான். அவ்வளவு விற்றும் சுவரில் மாட்டத் தங்கத் தட்டு கிடைக்கவில்லை, ஏனென்றால் அதைத் தரும் ரெக்கார்டு நிறுவனங்களின் சங்கத்தில் ஃபேக்டரி உறுப்பினர் இல்லை.

இப்போது ரீமிக்ஸ். முதல் ரீமிக்ஸ் ரெக்கார்டு வந்த அன்றே வந்துவிட்டது என்று நான் சொல்லுவேன். தட்டைத் திருப்பிப் போட்டால் ‘தி பீச்’. அதே பாட்டு, குரலைப் பெரும்பாலும் எடுத்துவிட்டு, மிச்சத்தை எதிரொலியில் நனைத்து, ஜமைக்காவின் டப் இசைக்காரர்கள் செய்வது போலத் தாளத்தையும் பேஸையும் திறந்து காட்டியது. செய்தவர்கள் அவர்களேதான். எனக்கு எல்லா ரீமிக்ஸ்களிலும் இதுதான் பிடிக்கும். காரணம், இது எதையும் சேர்க்கவில்லை, இருந்ததை எடுத்தது. அசலே பாதி காலி அறை, இது அந்த அறையிலிருந்து நாற்காலியையும் வெளியே எடுத்து வைத்தது.

1988 அதற்கு நேர் எதிர். அதற்குள் நியூ ஆர்டரின் அமெரிக்க வெளியீட்டாளர் குவின்சி ஜோன்ஸின் க்வெஸ்ட் நிறுவனம். மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பத்தைத் தயாரித்த அதே குவின்சி ஜோன்ஸ். அவரும் ஜான் பொட்டோக்கரும் பழைய பாட்டைத் தூசி தட்டினார்கள். நீளத்தை வெட்டி வானொலிக்கு ஏற்றதாக்கினார்கள், குரலைத் திக்கவைத்தார்கள், இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் அந்த வருடத்துத் தட்டொலியையும் வெட்டொலியையும் நிரப்பினார்கள். இந்தமுறை 7 அங்குலமும் உண்டு. வில்லியம் வெக்மனின் ஃபே ரே என்ற நாய் நாற்காலி மேசைகளின்மேல் சமநிலை காத்து நிற்கும் வீடியோவும் வந்தது, நாய் மகா அழகு. வணிகமாகப் பார்த்தால் அசலை மிஞ்சிவிட்டது: பிரிட்டனில் 3ஆம் இடம், அமெரிக்க டான்ஸ் கிளப் பட்டியலில் முதலிடம்.

கேட்டால் தப்பு சொல்ல முடியாது. நல்ல வேலை. ஆனால் 1988 என்றால் என்னென்ன ஒலி என்பதற்கு அருங்காட்சியகம் மாதிரி இருக்கிறது. கல்யாண ஆல்பத்தில் அந்தந்த வருட மோஸ்தர் சட்டையைப் பார்த்ததும் தேதி சொல்லிவிடலாமே, அப்படி. அசலைப் பார்த்துத் தேதி சொல்வது கஷ்டம், காரணம் உடுத்தியிருப்பது மிகக் குறைவு. அந்த நேரத்தில் கைக்குக் கிடைத்த நாலு மெஷின், அவற்றைச் சேர்த்து ஓடவைப்பதற்கே சக்தி தீர்ந்துவிட்டது, அலங்காரத்துக்கு ஆள் இல்லை.

1995இல் வந்தது வேறு கதை. அதற்குள் ஃபேக்டரி 1992இல் திவாலாகியிருந்தது, பாட்டு வேறு நிறுவனத்தின் கையில். ரீமிக்ஸ் தொகுப்பு ஒன்றுக்காக ஜெர்மனியின் ஹார்ட்ஃப்ளோர் இரட்டையரிடம் கொடுத்தார்கள். இவர்களுடைய கைவேலை ரோலண்ட் டிபி-303 என்ற சிறிய பெட்டி. பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் இல்லாதவர்கள் வைத்துக்கொள்ளட்டும் என்று எண்பதுகளின் தொடக்கத்தில் செய்தது, அதிகம் பேர் வாங்கவில்லை, தயாரிப்பை நிறுத்திவிட்டார்கள். பழைய சாமான் கடைகளில் மலிவாகக் கிடந்ததை சிகாகோ இளைஞர்கள் வாங்கி, திருகிகளைக் கன்னாபின்னாவென்று திருக, ரப்பரை இழுத்தது போல ஒரு முனகல் வந்தது. அதுதான் ஆசிட் ஹவுஸ். அந்த அலை இங்கிலாந்தில் பெரிதாக அடித்த இடங்களில் ஒன்று மேலே சொன்ன ஹசியெண்டா. இந்தப் பாட்டு சம்பாதித்ததில் ஒரு பங்கை விழுங்கிக்கொண்டே ஓடிய கிளப், அதில் வளர்ந்த இசை, அந்த இசைக்காரர்கள் கையில் திரும்பவும் இதே பாட்டு. ஹார்ட்ஃப்ளோர் குரலுக்கு அவ்வளவு மரியாதை தரவில்லை. இடியை வைத்துக்கொண்டு அதன்மேல் 303ஐ நெளியவிட்டு, நிதானமாக, நிமிடக்கணக்கில் ஏற்றிக்கொண்டே போகிறார்கள். 17ஆம் இடம்தான் கிடைத்தது. எனக்கு 88ஐவிட இது பரவாயில்லை, அசலின் பொறுமை இதில் இருக்கிறது.

அதற்கப்புறம் கணக்கே இல்லை. 1998இல் ஆர்ஜி என்ற அமெரிக்கக் குழு இதையே உறுமும் கிட்டார்களோடு போட்டது. 2002 பிரிட் விருது மேடையில் கைலி மினோக் தன் சொந்த ஹிட் பாட்டை இந்தப் பாட்டின் மேல் ஏற்றிப் பாடினார், இரண்டும் ஒட்டிப்பிறந்தது போலப் பொருந்தியது. 2016இல் பிபிசிக்காக ஆர்கெஸ்ட்ரா ஆப்சலீட் என்று முகமூடி போட்ட ஒரு கூட்டம், 1930களில் கிடைத்திருக்கக்கூடிய கருவிகளை மட்டும் வைத்து வாசித்தது. தொடாமலே கையசைத்து வாசிக்கும் தெரமின், ஆர்மோனியம், வில்லால் இழுக்கும் ரம்பம். மெஷினுக்காகவே செய்த பாட்டை மெஷினே இல்லாமல் வாசித்தும் அந்தக் குளிர் போகவில்லை.

நியூ ஆர்டர் இன்றைக்கும் கச்சேரி முடிவில் இதை வாசிக்கிறார்கள், வாசிக்காவிட்டால் கூட்டம் விடாது. 2007இல் பிரிந்து போன ஹூக் தனிக்குழு வைத்து அவரும் தன் மேடையில் இதை வாசிக்கிறார். இரண்டு தரப்புக்கும் பேச்சுவார்த்தை கிடையாது, வழக்குவரை போயிருக்கிறார்கள். ஒருவரும் மேடையில் நிற்கவேண்டாம், பொத்தானை அழுத்திவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துவிடலாம் என்று செய்த பாட்டுக்காக இப்போது இரண்டு குழுக்கள் இரண்டு ஊர்களில் வியர்க்க வியர்க்க நின்றுகொண்டிருக்கின்றன.